6.2 லிட்டர் பிக்கப்புக்கு ரீகால்: ஓட்டலாமா, நிறுத்தலாமா?

2025 மே 3

ஆஸ்டினில் இருக்கும் தம்பி ஒருவர் கேட்டது:

“அண்ணா, என்னிடம் 2022 மாடல் சில்வராடோ 1500 பிக்கப் இருக்கிறது. 6.2 லிட்டர் வி8. 41,000 மைல் ஓடியிருக்கிறது. ரீகால் என்று செய்தியில் பார்த்து வண்டியின் அடையாள எண்ணான வி.ஐ.என். எண்ணைப் போட்டுப் பார்த்தேன், என் வண்டியும் பட்டியலில் இருக்கிறது. டீலரைக் கேட்டால் ‘கடிதம் வரட்டும், அதுவரை ஓட்டுங்கள்’ என்கிறார். ஜூன் நடுவில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு ட்ரெய்லர் கட்டிக்கொண்டு கொலராடோ போக வேண்டும். வண்டி இன்றுவரை ஒரு குறையும் வைத்ததில்லை. நூற்றில் மூன்று வண்டியில்தான் கோளாறு என்கிறார்கள். வீணாகப் பயப்படுகிறேனா?”

வீணான பயம் இல்லை. ட்ரெய்லரோடு கொலராடோ போகாதீர்கள். காரணம் கீழே.

குறையுள்ள வண்டிகளைக் கம்பெனியே திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்வதுதான் ரீகால். ஜெனரல் மோட்டார்ஸ் ஏப்ரல் கடைசியில் அறிவித்த ரீகால் இது. அமெரிக்காவில் மட்டும் 5,97,630 வண்டிகள், உலகம் முழுக்கச் சேர்த்தால் ஏறக்குறைய 7,21,000. 2021 முதல் 2024 வரையிலான மாடல்கள். சில்வராடோ, சியரா பிக்கப்புகளும் டாஹோ, சபர்பன், யூகான், எஸ்கலேட் வண்டிகளும் இதில் அடக்கம். எல்லாவற்றிலும் இருப்பது எல்87 என்ற அந்த 6.2 லிட்டர் என்ஜின். பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்டிலும், அதைப் பிஸ்டனோடு இணைக்கும் கனெக்டிங் ராடிலும் தயாரிப்புக் குறை. கிராங்கின் உள்ளே எண்ணெய் ஓடும் துளைகளில் கசடு தங்கியிருக்கிறது, சில கிராங்குகளின் அளவும் மேற்பரப்பு வழவழப்பும் சொன்னபடி இல்லை. எண்ணெய்ப் படலம் அறுந்தால், கிராங்கைத் தாங்கும் பேரிங் உலோகத்தோடு உலோகமாகத் தேயும். அப்புறம் ராட் உடையும், என்ஜினின் உடலான பிளாக்கில் ஓட்டை விழும். இதில் எந்த இடத்திலும் என்ஜின் நின்றுபோகலாம்.

செலவைப் பற்றி நான் பேசவில்லை. புது என்ஜினை அவர்கள் தருவார்கள். 70 மைல் வேகத்தில், வலது பக்கம் ஒரு லாரியும் பின்னால் ஒரு லாரியும் வரும்போது வண்டி நின்றால் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை. அது எனக்கு நடந்திருக்கிறது.

2025 மே 3, இரவு

நடந்ததைக் கேட்டுப் பலர் எழுதிவிட்டீர்கள். எழுதுகிறேன். ஆனால் என் வண்டி எந்தக் கம்பெனி, எந்த டீலர் என்று சொல்ல மாட்டேன். இந்த 6.2 லிட்டர் இல்லை, நான் இங்கே பேசப்போகும் வேறு எந்த ரீகாலிலும் அது இல்லை. அது போதும்.

2023 ஆகஸ்ட், ஒரு சனிக்கிழமை. ஹூஸ்டன் பக்கம் உள்ள கேட்டி என்ற ஊரிலிருந்து ஐ-10 நெடுஞ்சாலையில் சான் அன்டோனியோ நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். ஒரு வளைகாப்புக்குச் சமையல் ஏற்றிருந்தோம். பின்னால் ட்ரெய்லரில் இட்லிப் பானைகள், இரண்டு பெரிய அண்டா, கிரைண்டர், மடக்கு மேசைகள். முன்னால் நானும் மனைவியும், பின் இருக்கையில் மகள். பிரேசோஸ் ஆற்றுப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் நடு வரிசையில் போகும்போது கீழேயிருந்து ‘டடக்’ என்று ஒரே ஒரு சத்தம். ஆக்சிலேட்டரை மிதித்தேன், கால் பஞ்சில் மிதித்தது போல இருந்தது. மீட்டரில் எல்லா விளக்குகளும் ஒன்றாக எரிந்தன. ஏ.சி. காற்று சூடாகிவிட்டது.

வண்டி உடனே நிற்காது. அதுதான் ஏமாற்றும். ட்ரெய்லர் பாரம் தள்ளுவதால் கொஞ்ச தூரம் உருண்டுகொண்டே போகும், ஆனால் வேகம் கரைந்துகொண்டே வரும். பின்னால் வருகிறவருக்கு நம் பிரேக் விளக்கு எரியாததால் நாம் நிற்கப்போவது தெரியாது. எனக்குப் பின்னால் வந்த 18 சக்கர லாரிக்காரர் ஹாரனை அழுத்தியபடியே இடது பக்கம் விலகிப் போனார். அந்த மனிதர் தூங்கிவழிந்திருந்தால் இன்று இதை எழுத நான் இல்லை. எப்படியோ வலது ஓரத்துக்கு வந்து சேர்ந்தோம். இறங்கிப் பார்த்தால் என்ஜினுக்கு அடியில் எண்ணெய் கொட்டித் தார் ரோட்டில் குளம் கட்டியிருந்தது. மகள் அழவில்லை. “அப்பா, வண்டி செத்துப்போச்சா?” என்று மட்டும் கேட்டாள்.

அன்று முதல் யாராவது ‘மூன்று சதவீதம்தானே’ என்றால் எனக்குத் தாங்குவதில்லை.

2025 மே 4

முன்குறிப்பு ஏதும் இருந்ததா என்று டல்லஸிலிருந்து ஒருவர் கேட்கிறார்.

இருந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு காலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஒரு அடி சத்தம் கேட்டது. டீலரிடம் காட்டினேன். “இந்தக் காலத்து என்ஜின் எல்லாம் இப்படித்தான் டிக் டிக் என்று பேசும்” என்று அனுப்பிவிட்டார். அவர் சொன்னதில் பாதி உண்மை. பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் என்ஜின்களில் இன்ஜெக்டர் சத்தம் கேட்கத்தான் செய்யும். தையல் மெஷின் ஓடுகிற மாதிரி லேசாக, சீராக இருக்கும்.

ராட் அடிப்பது அப்படி இருக்காது. கனமான சத்தம். உரலில் உலக்கை விழுவது போல அடியிலிருந்து வரும். ஆக்சிலேட்டரை ஏற்றினால் அடியும் வேகமாகும், பாரம் இழுக்கும்போது பெரிதாகும். நாமக்கல்லில் என் மாமா லாரிப் பட்டறை வைத்திருந்தார். பெரிய ஸ்க்ரூ டிரைவரின் முனையை என்ஜின் பிளாக்கில் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்பார். “ராட் அடிக்குதுடா, இறக்கிரு” என்று சொன்னால் அன்றைக்கே என்ஜினை இறக்கிவிடுவார்கள். ஒரு நடைகூட அனுப்ப மாட்டார். சிறுவயதில் எத்தனையோ முறை அந்த ஸ்க்ரூ டிரைவரில் காது வைத்துக் கேட்டவன் நான். அப்படிக் கேட்டவன் அன்றைக்குக் கேட்ட சத்தத்தை டீலர் சொன்னார் என்று விட்டுவிட்டேன்.

2025 மே 4, பிற்பகல்

டேங்க் நிறைய பெட்ரோல் இருந்ததா என்று கேட்டவருக்கு: இருந்தது. எண்ணெயும் அளவுக்குச் சரியாக இருந்தது, அந்த வாரம்தான் டிப்ஸ்டிக் எடுத்துப் பார்த்தேன்.

2025 மே 6

ஒரு திருத்தம். நண்பர் ஒருவரிடம் தொலைபேசியில் பேசும்போது “என்ஜின் நின்றால் ஸ்டியரிங் இறுகிவிடும், பிரேக்கும் போய்விடும்” என்று சொன்னேன். அவர் அதை நான்கு பேருக்கு அனுப்பிவிட்டார். அது முழுக்கச் சரியில்லை.

பழைய வண்டிகளில் ஸ்டியரிங்குக்கு உதவி செய்யும் பம்பை என்ஜின் பெல்ட்தான் சுற்றும். என்ஜின் நின்றால் ஸ்டியரிங் கனக்கும், ஆனால் பூட்டிக்கொள்ளாது, பலம் கொடுத்தால் திரும்பும். இன்றைய பிக்கப்புகள் பெரும்பாலும் மின்சார ஸ்டியரிங். பேட்டரி உயிரோடு இருக்கும்வரை உதவி இருக்கும். பிரேக்கைப் பொறுத்தவரை, மிதியின் பலத்தைப் பெருக்கும் வெற்றிட பூஸ்டர் உள்ள வண்டிகளில் சேமிப்பில் இருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்கு வரும். அதற்குப் பிறகு மிதி கல்லாகிவிடும், முழு பலத்தோடு மிதித்தால்தான் பிடிக்கும். மின்சார பூஸ்டர் உள்ளவற்றில் நிலைமை கொஞ்சம் மேல்.

அதனால்: பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காதீர்கள். ஒரே மிதியில் சீராகப் பிடியுங்கள். எச்சரிக்கை விளக்கை முதலில் போடுங்கள். சாவியை அணைக்கவே வேண்டாம். நான் பதற்றத்தில் அணைத்து அணைத்து ஸ்டார்ட் செய்யப் பார்த்தேன், அந்த மூன்று நான்கு விநாடிகளில் ஓரம் கட்டியிருக்கலாம்.

2025 மே 9

இப்போது அந்த மூன்று சதவீதக் கணக்கு.

பட்டியலில் உள்ள வண்டிகளில் சுமார் 3 சதவீதத்தில்தான் குறை இருக்கும் என்பது கம்பெனியின் மதிப்பீடு. அதே கம்பெனி அரசிடம் கொடுத்த அறிக்கையில் இன்னும் சில எண்கள் இருக்கின்றன. இந்த என்ஜினின் கிராங்க், ராட், பேரிங் தொடர்பாக இருக்கக்கூடும் என்று அவர்களே எண்ணிய புகார்கள் அமெரிக்காவில் 28,102. அவற்றில் ஓடும்போது இழுவை (சக்கரத்தைச் சுழற்றும் சக்தி) போய்விட்டது என்று சொன்னவை 14,332. இதனால் நேர்ந்திருக்கலாம் என்று சொல்லப்பட்ட விபத்துகள் 12, காயங்கள் 12.

28,102 என்பது 5,97,630இல் 4.7 சதவீதம். புகார் மட்டுமே மூன்றைத் தாண்டிவிட்டதே என்று முதலில் கொதித்தேன்.

2025 மே 9, ஒரு மணி நேரம் கழித்து

நிதானமாக யோசித்தால் என் கணக்கும் அவ்வளவு நேர்மையானதில்லை. ஒரே வண்டிக்கு இரண்டு மூன்று புகார் பதிவாகியிருக்கலாம், வேறு காரணத்தால் நின்ற வண்டியும் கலந்திருக்கலாம். அதனால் 4.7 என்று யாரும் எடுத்து எழுத வேண்டாம்.

ஆனால் இழுவை போன 14,332 சாமானியமான எண் இல்லை. அத்தனை பேரில் 12 விபத்துதான் என்றால் மற்றவர்கள் எப்படித் தப்பினார்கள் என்று எனக்குத் தெரியும். பின்னால் வந்தவர் விழித்திருந்தார்.

2025 மே 12

இதை எல்லோரும் படிக்க வேண்டும்.

என்.எச்.டி.எஸ்.ஏ. என்ற நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு இந்த என்ஜினைப் பற்றி விசாரணை திறந்தது 2025 ஜனவரியில். 2019 முதல் 2024 வரையிலான 8,77,710 வண்டிகளைப் பற்றிய முதல்கட்ட விசாரணை. அப்போது அவர்கள் கையில் உரிமையாளர்கள் நேரடியாக எழுதிய புகார்கள் எத்தனை இருந்தன தெரியுமா? 39. கம்பெனிகள் சட்டப்படி அனுப்பும் முன்னெச்சரிக்கை அறிக்கைகளும் கொஞ்சம் இருந்தன.

கம்பெனி பக்கம் சேர்ந்தவை 28,102. அரசுக்குப் போனவை 39. கம்பெனி இதே கோளாறை அதற்கு முன்பே தனக்குள் விசாரித்து, ரீகால் தேவையில்லை என்று மூடியும் இருக்கிறது. அரசு கதவைத் தட்டிய மூன்று மாதத்தில் ரீகால் வந்துவிட்டது.

நம் ஆட்கள் என்ன செய்கிறோம்? டீலரிடம் சத்தம் போடுகிறோம், வாட்ஸ்அப்பில் எழுதுகிறோம், மூன்று நட்சத்திரம் குறைத்து விமர்சனம் போடுகிறோம். அதோடு சரி. நானும் அப்படித்தான் இருந்தேன். 2023இல் என் என்ஜின் போனபோது அரசுக்குப் புகார் எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் வண்டிக்கு இன்றுவரை ரீகால் இல்லை. என்னைப் போல எத்தனை பேர் எழுதாமல் விட்டார்களோ.

நேற்று உட்கார்ந்து எழுதினேன். பதினைந்து நிமிடம்தான் ஆனது. வி.ஐ.என். எண் 17 எழுத்து, சம்பவ தேதி, ஓடிய மைல், அப்போதைய வேகம், என்ன நடந்தது. ‘வேகம்’ என்ற இடத்தில் 70 என்று போடும்போது கை நடுங்கியது. இரண்டு வருடம் கழித்து எழுதினாலும் வாங்கிக்கொள்கிறார்கள். இணையத்தில் எழுதச் சிரமப்படுகிறவர்கள் 1-888-327-4236 என்ற எண்ணில் கூப்பிட்டுச் சொல்லலாம்.

எழுதும்போது ஒரு விஷயம். ‘என்ஜின் போச்சு, எனக்கு இத்தனை டாலர் நஷ்டம்’ என்று மட்டும் எழுதினால் அது பணத் தகராறாகத்தான் படும். அந்த அமைப்பு பார்ப்பது உயிருக்கு ஆபத்து உண்டா என்பதைத்தான். எந்தச் சாலை, எந்த வரிசை, பின்னால் என்ன வந்தது, விளக்கு ஏதும் முன்னால் எரிந்ததா, குழந்தை இருந்ததா என்று எழுதுங்கள்.

2025 மே 13

“டீலரிடம் சொன்னால் அவரே அரசுக்கு அனுப்பிவிடுவார் அல்லவா?” இல்லை. உங்கள் புகாரை நீங்கள்தான் எழுத வேண்டும்.

2025 மே 20

ஆஸ்டின் தம்பி இப்போது எண்ணெயைப் பற்றிக் கேட்கிறார். ரீகாலில் டீலர் முதலில் என்ஜினைச் சோதிப்பார். அந்தச் சோதனையில் தேறிய வண்டிகளுக்குப் புது என்ஜின் கிடையாது. 0டபிள்யூ-20 எண்ணெயை வடித்துவிட்டு 0டபிள்யூ-40 ஊற்றி, ஃபில்டரை மாற்றி, எண்ணெய் மூடியை மாற்றி, கையேட்டில் ஒரு தாளைச் செருகிக் கொடுப்பார்கள். கூடவே 10 வருடம் அல்லது 1,50,000 மைல் வரை இந்தக் கோளாறுக்குச் சிறப்பு உத்தரவாதம். சோதனையில் தவறினால் என்ஜினைப் பழுது பார்ப்பார்கள் அல்லது மாற்றுவார்கள்.

20க்கும் 40க்கும் என்ன வித்தியாசம்? சூடான என்ஜினில், 100 டிகிரி செல்சியஸில், எண்ணெய் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதுதான் அந்த எண். ரசத்துக்கும் சாம்பாருக்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் உள்ள 0டபிள்யூ குளிருக்கானது. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைந்து நிற்குமே, அது மாதிரி ஆகாமல் குளிரிலும் ஓடும் என்று அர்த்தம். இரண்டு எண்ணெய்க்கும் முன்பகுதி ஒன்றே என்பதால் குளிர்காலத்தில் மிச்சிகனில் இருப்பவர்களும் பயப்பட வேண்டாம்.

நீர்த்த எண்ணெய் ஏன் வந்தது? எரிபொருள் சிக்கனம். உராய்வு கொஞ்சம் குறையும், லட்சக்கணக்கான வண்டிகளைச் சேர்த்துப் பார்த்தால் அரசு வைத்த மைலேஜ் இலக்கை எட்ட அது உதவும். கெட்டி எண்ணெய் ஊற்றினால் மைலேஜ் ஒரு துளி குறையும். அந்தத் துளிக்காக நான் அழ மாட்டேன்.

என் கருத்து: இது காயத்துக்கு மேல் ஒட்டும் பிளாஸ்திரி. கசடு அடைத்த துளையை எந்த எண்ணெயும் திறக்காது.

2025 மே 22

மேலே உள்ள கடைசி வரிக்கு ஹூஸ்டனில் இருக்கும் மெக்கானிக்கல் பொறியாளர் அக்கா ஒருவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவர் சொல்வது: கசடு ஒரு காரணம், மேற்பரப்பு வழவழப்பு இன்னொரு காரணம். கிராங்கின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மேடுகள் இருந்தால், எண்ணெய்ப் படலம் அந்த மேடுகளைவிடத் தடிப்பாக இருந்தால் போதும், உலோகம் உலோகத்தைத் தொடாது. 40 எண்ணெய் படலத்தைத் தடிப்பாக்குகிறது. அதனால் எல்லைக்கோட்டில் இருக்கும் என்ஜின்களுக்கு அது உண்மையாகவே உதவும்.

ஒப்புக்கொள்கிறேன். பிளாஸ்திரி என்றது அவசரப் பேச்சு. அடைத்த துளையைத் திறக்காது என்பதை மட்டும் மாற்ற மாட்டேன். அதை அவரும் மறுக்கவில்லை.

2025 மே 25

“அப்படியானால் எந்தக் கம்பெனி பிக்கப்தான் வாங்குவது?” என்று ஒருவர். ஒரு கம்பெனியின் குறை மட்டும் இல்லை இது.

டொயோட்டா 2022 மாடலில் டன்ட்ரா பிக்கப்பின் பழைய 5.7 லிட்டர் வி8ஐ விட்டுவிட்டு இரட்டை டர்போ வி6க்கு மாறியது. 2024 மே மாதம் 2022, 2023 மாடல் டன்ட்ராவிலும் லெக்சஸ் எல்.எக்ஸ்.இலுமாக ஏறக்குறைய 1,02,000 வண்டிகளுக்கு ரீகால். என்ஜினைக் கடைந்தபோது உதிர்ந்த உலோகத் துகள் உள்ளேயே தங்கிவிட்டது, மெயின் பேரிங் தேய்ந்து என்ஜின் நிற்கலாம் என்று அறிவித்தார்கள். எல்லா வண்டிக்கும் என்ஜினையே மாற்றுவோம் என்று பிறகு முடிவெடுத்தார்கள். அந்த முடிவு எனக்குப் பிடித்தது, சோதித்துத் தேறியவர் தேறாதவர் என்று பிரிக்கவில்லை.

ஃபோர்டு 2024 ஆகஸ்டில் எஃப்-150, பிரான்கோ உள்ளிட்ட 2021, 2022 மாடல்களில் 90,736 வண்டிகளை அழைத்தது. 2.7, 3.0 லிட்டர் டர்போ என்ஜின்களில் காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வு நொறுங்கி சிலிண்டருக்குள் விழும். வால்வைத் தயாரிக்கும்போது அதிகச் சூடு ஏறி உலோகம் கண்ணாடி மாதிரி நொறுங்கக்கூடியதாக ஆகிவிட்டது. அங்கே சோதனை வேறு மாதிரி. டீலர் என்ஜினை உச்ச வேகத்துக்குத் திரும்பத் திரும்ப முறுக்கிப் பார்ப்பார். தாங்கினால் நல்ல வால்வு, தாங்காவிட்டால் புது என்ஜின். பட்டறையில் போவது சாலையில் போவதைவிட மேல் என்ற கணக்கு. எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது.

2025 மே 26

திருத்தம். டொயோட்டாவில் ‘எல்லா வண்டிக்கும்’ என்றது ரீகாலில் உள்ள எல்லா வண்டிக்கும் என்ற பொருளில். ஹைப்ரிட் டன்ட்ரா அதில் இல்லை. என்ஜின் நின்றாலும் மின் மோட்டார் கொஞ்ச தூரம் இழுத்து ஓரம் கட்ட உதவும் என்பதால் அதைச் சேர்க்கவில்லை. ரீகால் என்பது என்ஜின் கெடுகிறதா என்பதைப் பார்த்து வருவதில்லை, நடுரோட்டில் நிற்கிறோமா என்பதைப் பார்த்து வருகிறது என்பது இதில் தெளிவாகத் தெரியும். ஹைப்ரிட் வைத்திருப்பவர்கள் இதனால் தங்கள் பேரிங் நல்ல பேரிங் என்று நினைத்துவிட வேண்டாம்.

2025 ஜூன் 1

ஒட்டன்சத்திரத்தில் என் அண்ணன் காய்கறி மார்க்கெட்டுக்குப் பிக்கப் ஓட்டுகிறார். நேற்றுப் பேசும்போது இந்தக் கதையைச் சொன்னேன். “கம்பெனியே கூப்பிட்டு, காசு வாங்காம என்ஜின் மாத்திக் கொடுக்குதா?” என்று கேட்டார். நம்பவில்லை.

இந்தியாவிலும் சட்டம் இருக்கிறது என்றேன். 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 110ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அரசே ரீகால் செய்யச் சொல்லலாம். அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. அதே ஆண்டு ஆகஸ்டில் மஹிந்திரா தானாகவே 29,878 பிக்கப்புகளை அழைத்துத் திரவம் போகும் குழாய் ஒன்று சரியாக முடுக்கப்பட்டிருக்கிறதா என்று இலவசமாகச் சோதித்தது. 2020 ஜனவரி முதல் 2021 பிப்ரவரி வரை தயாரானவை அவை.

அண்ணன் கேட்ட அடுத்த கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாமல் போயிற்று. அவர் வண்டி இரண்டாம் கை. கம்பெனியிடம் இருப்பது முதல் உரிமையாளரின் செல்போன் எண். அழைப்பு வந்தால் யாருக்கு வரும்? ஒட்டன்சத்திரத்திலும் திண்டுக்கல்லிலும் ஓடுகிற பிக்கப்புகளில் எத்தனை இரண்டாம் கை, மூன்றாம் கை. அதிகாலை மூன்று மணிக்கு மலைப்பாதையில் தக்காளி ஏற்றி இறங்கும் வண்டிகள் அவை. சேசிஸ் எண்ணைக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அவர் வண்டிக்கு ஒன்றும் இல்லை என்று இன்று காலை சொன்னார். பக்கத்து ஸ்டாண்டில் உள்ளவர்களுக்கும் பார்த்துக் கொடுக்கிறாராம்.

அமெரிக்காவில் இரண்டாம் கை வாங்கினவர்களுக்கும் இதையே சொல்கிறேன். கடிதத்துக்காகக் காத்திருக்காதீர்கள். வி.ஐ.என். எண்ணை நீங்களே போட்டுப் பாருங்கள். 15 வருடம் வரையான வண்டிகளுக்கு ரீகால் வேலை இலவசம், எத்தனை கை மாறியிருந்தாலும்.

2025 ஜூன் 3

பில். இதை எழுத மறந்துவிட்டேன்.

என் என்ஜின் போனதும் டீலர் கேட்ட முதல் கேள்வி, “எண்ணெய் மாற்றிய பில் எங்கே?” நான் வீட்டிலேயே மாற்றுகிறவன். என்னிடம் பில் இல்லை. வண்டி 47 நாள் அங்கேயே கிடந்தது. கேட்டரிங் வேலை நான்கு கைவிட்டுப் போனது. வாடகை வண்டியில் அண்டா ஏற்ற முடியவில்லை. ஒருநாள் இரவு மனைவி, கடையில் எண்ணெயும் ஃபில்டரும் வாங்கிய கார்டு கணக்கை மூன்று வருடத்துக்கும் தேடி எடுத்தாள். ஒவ்வொரு முறையும் மைல் மீட்டரை மகள் விளையாட்டாகப் படம் எடுத்து வைத்திருந்தாள், அந்தத் தேதிகளும் பொருந்தின. அதை எடுத்துப்போய் மேசையில் வைத்த பிறகுதான் என்ஜின் கிடைத்தது.

நீங்களே எண்ணெய் மாற்றினீர்கள் என்ற ஒரே காரணத்துக்காக உத்தரவாதத்தை மறுக்க முடியாது. 1975ஆம் வருட மேக்னசன்-மாஸ் சட்டம் அதைத் தடுக்கிறது. ஆனால் மாற்றினீர்கள் என்று காட்ட வேண்டியது நீங்கள். கடை ரசீது, மைல் மீட்டர் படம், பழைய ஃபில்டரின் படம். மூன்றும் போதும்.

2025 ஜூன் 10

ஆஸ்டின் தம்பியின் வண்டி சோதனையில் தேறிவிட்டது. 0டபிள்யூ-40 ஊற்றிக் கொடுத்துவிட்டார்கள். “இப்போது கொலராடோ போகலாமா?” என்று கேட்கிறார்.

இரண்டு நாள் யோசித்தேன். பொறியாளர் அக்கா போகலாம் என்கிறார்: தேறிய வண்டி, புது எண்ணெய், ட்ரெய்லர் இல்லாமல், சத்தத்துக்குக் காது கொடுத்தபடி. கணக்கு அவர் பக்கம் இருக்கிறது என்று எனக்குத் தெரிகிறது. ஆனாலும் என்னிடம் கேட்டால், இந்த ஒரு பயணத்துக்கு வேன் வாடகைக்கு எடுங்கள். திரும்பி வந்து இரண்டாயிரம் மைல் ஊருக்குள் ஓட்டிப் பாருங்கள். பின் இருக்கையில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதற்கு மேல் என்னிடம் வாதம் இல்லை.

2025 ஜூன் 11

வேன் எடுத்துவிட்டார். அவர் மனைவிதான் முடிவு செய்தாராம்.

2025 ஆகஸ்ட் 17

ஐ-10இல் அதே பாலத்தைத் தாண்டினேன். ட்ரெய்லர் இல்லை, புது என்ஜின் 22,000 மைல் ஓடிவிட்டது. பாலம் வருவதற்கு ஒரு மைல் முன்பே வலது வரிசைக்கு மாறிக்கொண்டேன். இப்போதெல்லாம் அந்த வழியில் போகும்போது எப்போதும் வலது வரிசைதான்.

2025 நவம்பர் 8

டொயோட்டா மறுபடியும் அறிவித்திருக்கிறது. அதே வி6, அதே உலோகத் துகள். இந்த முறை 2022 முதல் 2024 வரையிலான டன்ட்ரா, லெக்சஸ் எல்.எக்ஸ்., 2024 ஜி.எக்ஸ். எனச் சேர்த்து அமெரிக்காவில் சுமார் 1,27,000 வண்டிகள். போன வருடப் பட்டியலில் இல்லாததால் நிம்மதியாக இருந்தவர்கள் தயவுசெய்து எண்ணை மறுபடியும் போட்டுப் பாருங்கள். ஒருமுறை பார்த்தால் போதும் என்று மே மாதத்தில் நான்கூட ஓரிருவரிடம் சொல்லியிருக்கிறேன். அது தப்பு. ஒவ்வொரு முறை எண்ணெய் மாற்றும்போதும் பாருங்கள்.

2025 நவம்பர் 15

ஆஸ்டின் தம்பி முதல்முறையாக வீட்டிலேயே எண்ணெய் மாற்றியிருக்கிறார். பழைய ஃபில்டரை அறுத்து, உள்ளே உள்ள மடிப்புத் தாளை விரித்து வெயிலில் வைத்துப் படம் அனுப்பினார். பேரிங் தேய ஆரம்பித்திருந்தால் அந்த மடிப்புகளில் ஜிகினா மாதிரித் துகள் மின்னும். பெரிதாக்கி மடிப்பு மடிப்பாகப் பார்த்தேன், பொறியாளர் அக்காவுக்கும் அனுப்பினேன். கறுப்பு எண்ணெய்தான். மின்னல் ஒன்றும் இல்லை. மைல் மீட்டரையும் ரசீதையும் சேர்த்துப் படம் எடுத்தாரா என்று கேட்டிருக்கிறேன்.